கொடி இனங்களைப் புள்ளியியலால் பிரிக்கும்போது வரும் கோளாறுகள்: காட்டு மிளகை முன்வைத்து

ஒரே மிளகுக் கொடியில் தரையில் ஓடும் தண்டிலிருந்து ஓர் இலையும் காய்க்கும் கிளையிலிருந்து ஓர் இலையும் பறித்து அருகருகே வைத்தால், செடியைப் பார்க்காதவர் இரண்டு இனம் என்றே சொல்வார். கணினியும் அதையேதான் சொல்லும், தசமப் புள்ளியோடு சேர்த்து. ஏறுகொடிகளை அளந்து வகைப்படுத்துவதில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. அட்டவணையின் ஒரு வரிசை என்பது இலையா, கிளையா, செடியா என்பதை வேலை தொடங்கும்போது யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

இந்த வழிமுறைக்கு எடுத்துக்கொண்டது மேற்குத் தொடர்ச்சி மலையின் பைப்பர் பேரினம்: மிளகு, திப்பிலி, அவற்றின் காட்டு உறவுகள். பிரச்சினைகள் பிரம்பு, வள்ளிக்கிழங்குக் கொடி, பேசிஃப்ளோரா (தாட்பூட்பழக் கொடியின் பேரினம்) எதற்கும் பொதுவானவைதான். கணக்குக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த அறிகுறி கண்ணில் பட்டாலும் முதல் இரண்டு பகுதிகளைச் சரிபார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். அவை சரியில்லாமல் பின்னால் உள்ளவற்றைத் திருத்துவது வீண்.

அறிகுறி: ஒரே செடியின் இலைகள் இரண்டு கொத்தாகப் பிரிகின்றன

மிளகுக் கொடியில் மூன்று வகைத் தண்டு உண்டு. அடியிலிருந்து தரையோடு போகும் ஓடுகொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தாங்குமரத்தில் ஒட்டி ஏறும் ஏறுகொடி. அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு, பற்றுவேர் இல்லாமல், இலைக்கு எதிரே கதிர் விடும் காய்ப்புக் கிளை. (தோட்டக்காரர் சரம் என்பதைத்தான் இங்கே கதிர் என்கிறோம்.) ஏறுகொடியின் இலை அகன்று, இதய வடிவில், இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். காய்ப்புக் கிளையின் இலை குறுகும், அடி ஒரு பக்கம் சரியும். இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட இந்த வேறுபாடு பெரிதாக இருப்பது சாதாரணம்.

சோதனை எளிது. முதன்மைக் கூறு வரைபடத்தில் (பல அளவுகளை ஒன்றிரண்டு அச்சுகளாகச் சுருக்கிய படம்) புள்ளிகளுக்கு இனத்தின் நிறம் கொடுப்பதற்குப் பதில் தண்டு வகையின் நிறம் கொடுங்கள். கொத்துகள் அந்த நிறப்படி பிரிந்தால் விஷயம் முடிந்தது. தண்டு வகையைக் குறித்தே வைக்கவில்லை என்றால் அந்தத் தரவை இனப் பிரிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். இலையைப் பார்த்து எந்தத் தண்டு என்று பின்னால் ஊகிப்பது, விடையை வைத்துக் கேள்வி எழுதுவது போல.

சரிசெய்தல்: காய்ப்புக் கிளையை மட்டும் எடுங்கள். எதிரே முதிர்ந்த கதிரோ கதிர் உதிர்ந்த தழும்போ உள்ள கணுவின் இலைதான் வேண்டும். கிளை நுனியிலிருந்து 3, 4, 5ஆம் இலைகள் வசதியானவை. முதல் இரண்டு இன்னும் விரிந்து முடிந்திருக்காது, அடியில் உள்ளவற்றைப் பூச்சி தின்றிருக்கும். செடிக்கு 5 இலை எடுங்கள், முடிந்தால் வெவ்வேறு கிளையிலிருந்து. ஐந்தையும் அளந்து சராசரி போட்டு ஒரே வரிசையாக்குங்கள்.

ஏன் ஐந்து? ஒரு மாறியில் (அளக்கும் ஒரு பண்பில்) செடிக்குள் உள்ள பரவற்படியும் (மதிப்புகள் சிதறும் அளவு) செடிகளுக்கு இடையே உள்ள பரவற்படியும் சமம் என்று வையுங்கள். ஓர் இலையை மட்டும் அளந்தால் அந்த எண்ணின் நம்பகம் 0.5. மூன்று இலையின் சராசரிக்கு 0.75, ஐந்துக்கு 0.83. அதற்கு மேல் பத்து இலை எடுத்தாலும் 0.91தான், அந்த உழைப்பை இன்னொரு செடிக்குச் செலவிடலாம். செடியைத் தற்செயல் விளைவாக வைத்து ஒரு கலப்பு மாதிரிக் கணக்கு (mixed model) ஓட்டினால் இந்த இரண்டு பரவற்படிகளும் உங்கள் தரவிலிருந்தே கிடைத்துவிடும். செடிக்குள் உள்ள பங்கு மொத்தத்தில் பாதிக்கு மேல் போகும் மாறிகளை, இலைக்காம்பு நீளம் அடிக்கடி இதில் மாட்டும், முதல் பட்டியலிலேயே கழித்துவிடுவது நல்லது.

கணு வரிசைப்படி இலை மாறுவதைத் தூக்கி எறியவேண்டிய இரைச்சலாக மட்டும் பார்க்கவேண்டியதில்லை. டேனியல் சிட்வுட், வாக்னர் ஓட்டோனி இருவரும் 2017இல் வெளியிட்ட பேசிஃப்ளோரா ஆய்வில் 40 இனங்களின் 3,300க்கும் மேற்பட்ட இலைகள், கொடியில் அவை இருந்த இடத்தோடு பதிவாகியிருக்கின்றன. இனம், கணுவின் இடம் இரண்டையும் தனித்தனியாகப் படிக்க முடிவது அந்தப் பதிவால்தான். அளவு இருந்தும் கணு எண் இல்லாத தரவில் அது நடக்காது.

அறிகுறி: முதல் அச்சே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது

முதல் முதன்மைக் கூறு மொத்த மாறுபாட்டில் 80, 90 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது, எல்லா மாறிகளின் சுமையும் (அந்த அச்சில் மாறிக்கு உள்ள பங்கு) ஒரே குறியில் இருக்கிறது. அது இலையின் பருமன் (இலை பெரிதா சிறிதா என்பது). நிழலில் வளர்ந்த கொடி ஒரு ஓரத்திலும் வெயிலில் வளர்ந்தது மறு ஓரத்திலும் நிற்கும், இனங்கள் நடுவில் குழம்பிக் கிடக்கும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆர் மொழியின் முதன்மைக் கூறு கட்டளை தானாக மையப்படுத்தும், ஆனால் தானாகத் தரப்படுத்தாது. மில்லிமீட்டரில் இலை நீளமும் சென்டிமீட்டரில் கதிர் நீளமும் ஒரே அட்டவணையில் இருந்தால், முதல் அச்சு அலகைப் பற்றித்தான் பேசும். எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

பிறகு நீள அளவுகள் அனைத்துக்கும் மடக்கை எடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் அந்த மடக்கைகளின் சராசரியைக் கண்டு (பெருக்குச் சராசரியின் மடக்கை அது) ஒவ்வொரு அளவிலிருந்தும் கழியுங்கள். மிஞ்சுவது வடிவம். கழித்த அந்தச் சராசரியைத் தூக்கி எறியாமல் தனி நிரலாக வைத்திருங்கள், ஏனென்றால் சில இனங்கள் உண்மையிலேயே சிறியவை. நரம்பு எண்ணிக்கை, மயிரின் இருப்பு போன்றவற்றை இந்தக் கழித்தலுக்குள் கொண்டுவரக் கூடாது.

நீளம்/அகலம் என்று விகிதம் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விகிதம் பருமனை முழுதாக நீக்காது. இலை பெரிதாகும்போது வடிவமும் மாறுமானால் விகிதமும் கூடவே மாறும். வடிவ மதிப்பைப் பருமனுக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் சாய்கோடு தெரிந்து, அந்தக் கோடுகள் இணையாகவும் இருந்தால், பொதுச் சாய்வை நீக்கி எச்சத்தோடு வேலை செய்யலாம். கோடுகள் இணையாக இல்லையென்றால் நீக்காதீர்கள். அந்தச் சாய்வு வேறுபாடே ஓர் இனப் பண்பாக இருக்கலாம்.

மிளகில் அளக்கத் தகுந்த ஒரு மாறியைச் சொல்லவேண்டும். பைப்பர் நைக்ரத்தின் இலையில் மேல் இணை நரம்புகள் அடியிலிருந்து கிளம்பாமல், சற்று மேலே நடுநரம்பிலிருந்து பிரியும், அதுவும் ஒன்று கீழே ஒன்று மேலே என்று மாறி. அடியிலிருந்து அந்தப் பிரிவு வரை உள்ள தொலைவை இலை நீளத்தோடு ஒப்பிட்ட அளவு, வெறும் நீள அகலத்தைவிடப் பேசும்.

அறிகுறி: துல்லியம் 100 விழுக்காடு, அடுத்த பயணத்தில் எடுத்த செடிகள் தப்பாகப் போகின்றன

இதுதான் அதிகம் நடப்பது, கண்ணில் படாமலும் போவது. 4 இனம், இனத்துக்கு 6 செடி, செடிக்கு 5 இலை, 25 மாறி. அட்டவணையில் 120 வரிசை இருப்பதால் தாராளமாகத் தெரிகிறது. உண்மையில் உங்களிடம் இருப்பது 24 செடி. குழுவுக்குள் மிஞ்சும் சுதந்திரப் படிகள் (கணக்குக்குக் கிடைக்கும் தனித் தகவல்) 24 − 4 = 20. மாறிகளோ 25. செடிச் சராசரியை வைத்துப் பிரித்தறி பகுப்பாய்வு (தெரிந்த இனங்களைப் பிரிக்கும் அச்சைத் தேடும் முறை) ஓட்டினால், மாறிகள் சேர்ந்து மாறுவதைக் காட்டும் குழுவுக்குள்ளான உடன்மாறுபாட்டு அணியைத் தலைகீழாக்கவே முடியாது. இலைகளைத் தனி வரிசையாகக் கொடுத்ததால்தான் கணக்கு ஓடியது, ஓடியது என்பதாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

சரிபார்ப்பில் இன்னொரு ஓட்டை. பிரித்தறி பகுப்பாய்வுக் கட்டளையோடு வரும் குறுக்குச் சரிபார்ப்பு ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தான் வெளியே வைக்கும். ஒரு வரிசை ஓர் இலை என்றால், அதே செடியின் மற்ற 4 இலைகள் பயிற்சித் தரவில் இருந்துகொண்டு விடையைச் சொல்லிக்கொடுக்கும்.

சரிசெய்யும் வரிசை:

1. வெளியே வைப்பது முழுச் செடியாக இருக்கட்டும். அதற்கும் மேலாக, ஓர் இடத்தில் எடுத்த செடிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். புது மலையில் என்ன நடக்கும் என்பதற்கு நெருங்கிய விடை அதுதான். எண் இறங்கும், இறங்கட்டும்.
2. தரப்படுத்தல், முதன்மைக் கூறு, மாறித் தேர்வு எல்லாம் சரிபார்ப்புச் சுற்றுக்கு உள்ளே நடக்கவேண்டும். முழுத் தரவில் நல்ல 6 மாறிகளைப் பொறுக்கிவிட்டுப் பிறகு சரிபார்ப்பது, வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது.
3. மாறிகளின் எண்ணிக்கை, மிகச் சிறிய குழுவில் உள்ள செடிகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள். இது ஒரு கைக்கணக்கு, ஆனால் காப்பாற்றும். 6 செடி இருந்தால் 2 மாறி. அது போதவில்லை என்றால் செடி போதவில்லை என்று பொருள்.
4. இனப் பெயர்களைச் செடிவாரியாகக் குலுக்கி 999 முறை மீண்டும் ஓட்டுங்கள். பெயர்கள் பொய்யாக இருக்கும்போதும் 60 விழுக்காடு சரி என்று வந்தால், உண்மைப் பெயரில் வந்த 75க்கு மதிப்பு அதிகமில்லை.

பிரித்தறி பகுப்பாய்வுக் கட்டளை முன்நிகழ்தகவை, அதாவது அளவைப் பார்க்கும் முன் ஒவ்வோர் இனத்துக்கும் கொடுக்கும் வாய்ப்பை, தரவில் உள்ள விகிதத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள். 60 மிளகும் 8 பைப்பர் முல்லேசுவாவும் (ஒரு காட்டு மிளகு) இருந்தால், எல்லாவற்றையும் மிளகு என்று சொன்னாலே 88 விழுக்காடு சரி. முன்நிகழ்தகவைச் சமமாக்குங்கள், துல்லியத்தை இனத்துக்கு இனம் தனியாக எழுதுங்கள்.

ரொனால்ட் ஃபிஷர் 1936இல் பிரித்தறி பகுப்பாய்வை ஐரிஸ் பூக்களில் செய்து காட்டினார்: 3 இனம், 150 பூ, 4 அளவு. மாறிகள் கொஞ்சம், மாதிரிகள் நிறைய, பூ என்பது இலைபோல ஆளுக்கொரு வடிவம் எடுப்பதும் இல்லை. எல்லாப் பாடமும் அந்தத் தரவில் தொடங்குவதால், வெப்பமண்டலக் கொடிக்கு வந்ததும் மாணவர்கள் திகைக்கிறார்கள்.

அறிகுறி: மாறிகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்ற எச்சரிக்கை

மேலே சொன்னபடி சராசரியைக் கழித்திருந்தால் இது வந்தே தீரும். 8 அளவுகளிலிருந்து அவற்றின் சராசரியைக் கழித்தால், எட்டின் கூட்டுத்தொகை எப்போதும் சுழியம், ஆகவே 7 மட்டுமே சுதந்திரமானவை. ஒன்றை விட்டுவிடுங்கள், அல்லது முதல் சில முதன்மைக் கூறுகளைக் கொடுங்கள். நீளம், அகலம், நீளம்/அகலம் மூன்றையும் மடக்கையில் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் இதே கதை.

அறிகுறி: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொத்துகள் மாறுகின்றன

கே-சராசரி முறை (புள்ளிகளை அருகிலுள்ள மையத்தோடு சேர்த்துக் கொத்தாக்குவது) தற்செயலான தொடக்கப் புள்ளிகளிலிருந்து புறப்படும். ஆர் மொழியில் இயல்பாக ஒரே ஒரு தொடக்கம்தான். அதை 50 அல்லது 100 ஆக்குங்கள். பிறகும் மாறினால் குறை முறையில் இல்லை, தரவில் கொத்தே இல்லை என்று சந்தேகப்படுங்கள்.

ஒத்தவற்றைப் படிப்படியாக இணைத்து வரையும் மரவரைபடம் இன்னும் ஏமாற்றும். எதைக் கொடுத்தாலும் கிளைகளோடு ஒரு மரம் வரும், சீரற்ற எண்களைக் கொடுத்தாலும் வரும். ஆர் மொழியின் படிநிலைக் கொத்தாக்கம் இயல்பாக முழு இணைப்பு முறையில் ஓடும். கட்டுரையில் சராசரி இணைப்பு என்று எழுதிவிட்டு முழு இணைப்பின் மரத்தைப் போட்டவர்கள் உண்டு. வார்டு என்ற இன்னோர் இணைப்பு முறையில் இரண்டு பதிப்புகள் உள்ளன. தொலைவுகளை வர்க்கப்படுத்தாமல் அப்படியே கொடுப்பவர்கள் இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தால்தான் அது வார்டின் கணக்கு. மரம் எவ்வளவு நேர்மையானது என்பதை, மரத்தில் படிக்கும் தொலைவுக்கும் மூலத் தொலைவுக்கும் உள்ள ஒட்டுறவால் பாருங்கள். 0.8க்குக் கீழே இருந்தால் அந்த மரத்தை அச்சிடாமல் இருப்பது மேல்.

கொத்து எத்தனை என்று கேட்கும் முறை, ஒன்றுதான் என்ற விடையையும் சொல்லத் தெரிந்ததாக இருக்கவேண்டும். சில்லூயெட் மதிப்புக்கு (ஒரு புள்ளி தன் கொத்தில் எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) அது தெரியாது, அதன் எண்ணிக்கை இரண்டில்தான் தொடங்கும். இடைவெளிப் புள்ளியளவைக்கும் இயல்நிலைக் கலவை மாதிரிக்கும் (ஒவ்வொரு கொத்தையும் ஓர் இயல்நிலைப் பரவலாகக் கொள்வது) தெரியும். மாறுபட்ட ஒற்றை இனமா, இரண்டு இனமா என்பதுதானே இங்கே கேள்வி?

கலவை மாதிரியில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். முதலாவது, கணிக்கவேண்டிய எண்களின் அளவு. 10 மாறி, ஒவ்வொரு கொத்துக்கும் தனி உடன்மாறுபாட்டு அணி என்றால், ஒரு கொத்துக்கு 10 சராசரியும் 55 உடன்மாறுபாடும், ஆக 65. மூன்று கொத்துக்கு 195, பங்குகளுக்கு 2, மொத்தம் 197. கையில் 60 செடி. 3 முதன்மைக் கூறுகளுக்குச் சுருக்கினால் கொத்துக்கு 9, மொத்தம் 29, இதையாவது தாங்கும். இரண்டாவது, மாதிரிகளை ஒப்பிட உதவும் பேயசிய அளவுகோலின் (BIC) குறி. ஆர் மொழியின் எம்கிளஸ்ட் தொகுப்பில் அது பெரிதாக இருப்பது நல்லது. பைத்தானின் சைக்கிட்-லேர்னில் சிறிதாக இருப்பது நல்லது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுபவர்கள் மிக மோசமான மாதிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு விளக்கமும் எழுதிவிடுவார்கள்.

அறிகுறி: கொத்துகள் இனப்படி பிரியவில்லை, ஊர்ப்படி பிரிகின்றன

மலையடிவாரத்தில் ஓர் இடம், உச்சிக்கு அருகே ஓர் இடம், நடுவில் எதுவும் எடுக்கவில்லை. இரண்டு தெளிவான கொத்து வரும். இலை உயரத்தோடு மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே போயிருக்கலாம், உங்கள் சாலை அந்த இரண்டு இடத்தில் மட்டும் நின்றிருக்கலாம்.

பிரித்தறி மதிப்பை உயரத்துக்கு எதிராக வரையுங்கள். நடுவில் வெற்றிடம் இருந்தால் அங்கே போய் மாதிரி எடுப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. தொலைவு அணிகளை ஒப்பிடும் பகுதி மேன்டல் சோதனையைப் பலரும் இதற்குக் கையாள்கிறார்கள். அருகருகே உள்ள செடிகள் ஒத்திருக்கும் இயல்பு தரவில் இருக்கும்போது அது இல்லாத தொடர்பையும் உண்டு என்று எளிதில் சொல்லிவிடும், ஆகவே அதை மட்டும் நம்பவேண்டாம்.

வலுவான சாட்சி, இரண்டு வடிவமும் ஒரே இடத்தில் வளரும் இடங்கள். ஒரே ஓடைக்கரையில், ஒரே நிழலில், அடுத்தடுத்த மரங்களில் ஏறியிருக்கும் கொடிகளை மட்டும் தனியே பகுத்துப் பாருங்கள். அங்கேயும் இடைவெளி விழுந்தால் அது மண்ணாலும் மழையாலும் வந்ததல்ல. அப்படிப்பட்ட ஓர் இடத்தின் 20 செடி, தனித்தனி மலைகளிலிருந்து வந்த 60 செடிக்குச் சமம்.

ஓர் எச்சரிக்கை: அடுத்தடுத்த மரங்களில் ஏறியவை ஒரே செடியாகவும் இருக்கலாம். ஓடுகொடி கணுவில் வேர்விட்டு அடுத்த மரத்தைப் பிடித்துவிடும். இலைச் சருகை விலக்கித் தண்டைத் தொடர்ந்து பாருங்கள், இல்லாவிட்டால் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விடுங்கள். பயிர் மிளகில் இது இன்னும் கடுமை. கரிமுண்டா, கொட்டநாடன், நாராயக்கொடி, ஐம்பிரியன் எல்லாம் கொடித்துண்டு நட்டுப் பெருக்கப்பட்டவை. ஒரு தோட்டத்தின் 15 பன்னியூர்-1 கொடிகள் 15 மாதிரிகள் அல்ல, ஒரு மாதிரியின் 15 நகல்கள். அவை வரைபடத்தில் குண்டூசித் தலை அளவில் நெருங்கி நிற்பதைப் பார்த்துத் தனிச் சிற்றினம் என்று எழுதிவிடக் கூடாது. உத்திரன்கொட்டா, செறியகணியக்காடன் இரண்டையும் கலந்து கேரளத்தின் பன்னியூரில் உருவாக்கிய வீரிய ஒட்டு பன்னியூர்-1.

அறிகுறி: உலர்தாள்கள் ஒரு பக்கம், புதுச் செடிகள் மறு பக்கம்

உலர்தாளில் அழுத்திக் காயவைத்த இலை சுருங்கும், சதைப்பற்றுள்ள கதிர் இன்னும் அதிகம் சுருங்கும். இரண்டையும் கலக்கவேண்டிய கட்டாயம் இருந்தால், இனத்துக்கு 30 இலைகளைப் பச்சையாக அளந்து, எண்ணிட்டு, அழுத்திக் காயவைத்து மீண்டும் அளந்து, உங்கள் திருத்தக் காரணியை நீங்களே கண்டுபிடியுங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனி. கதிர் விட்டத்துக்குத் திருத்தம் தேடாமல் அதை விட்டுவிடுவது உத்தமம்.

இதே தோற்றம் இருவர் அளந்த தரவிலும் வரும். காம்பு எங்கே முடிகிறது என்பதில் ஆளுக்கொரு கருத்து. 20 இலைகளை இருவரும் இருமுறை அளந்து பாருங்கள். மறு அளவின் ஒப்புமை 0.9க்கு மேல் உள்ள மாறிகளை வைத்துக்கொள்ளுங்கள், 0.75க்குக் கீழே போனவற்றை வரையறையைத் திருத்தாமல் தொடாதீர்கள்.

அறிகுறி: ஓர் இனம் சரிபாதியாகப் பிரிகிறது, இடமும் உயரமும் காரணமில்லை

ஆண் கொடி, பெண் கொடி. பயிர் மிளகில் பெரும்பாலும் இருபால் பூ என்பதால் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. காட்டு மிளகுகளில் ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடி. கதிர் அளவுகளைப் பால்வாரியாகப் பிரித்து ஓட்டுங்கள், பூக்கும் நிலையையும் காய் முதிர்ந்த நிலையையும் கலக்காதீர்கள். கதிரே இல்லாத கொடியைப் பால் தெரியாதது என்று எழுதி, இலைப் பகுப்பாய்வில் மட்டும் சேருங்கள்.

அறிகுறி: இலை வெளிக்கோட்டுப் பகுப்பாய்வில் புள்ளிகள் கண்ணாடிப் பிம்பம்போல் இரு மேகமாக நிற்கின்றன

நீள்வட்ட ஃபூரியே முறையில் (வெளிக்கோட்டைப் பல நீள்வட்டங்களின் கூட்டாக எழுதுவது) இலையைத் திருப்பி நிறுத்துவது முதல் நீள்வட்டத்தின் நெட்டச்சு. அந்த அச்சுக்கு எது நுனி எது அடி என்று தெரியாது, 180 பாகை புரண்டு நிற்கலாம். மிளகைப் போல் நீளமும் அகலமும் நெருங்கிய இலையில் நீள்வட்டம் வட்டமாகிவிடும், அப்போது 90 பாகைகூடத் திரும்பும். நீள்வட்டத்தை நம்பாமல், காம்பு சேரும் இடம், நுனி என்ற இரண்டு குறிப்புள்ளிகளால் எல்லா இலைகளையும் நீங்களே நிறுத்துங்கள். வெளிக்கோட்டின் தொடக்கம் எப்போதும் காம்பு சேரும் இடமாக இருக்கட்டும்.

பிம்பம் இடவலமாக இருந்தால் காரணம் வேறு. அடி சரிந்த இலைகள் கிளையின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும்போது, இடப்பக்க இலையும் வலப்பக்க இலையும் ஒன்றுக்கொன்று பிம்பமாக இருப்பது வழக்கம். அப்படியே சராசரி போட்டால் சரிவு அழிந்து, எந்தக் கொடியிலும் இல்லாத ஒரு சமச்சீர் இலை கிடைக்கும். பெரிய மடல் இடப்பக்கம் வரும்படி எல்லாப் படங்களையும் புரட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

படத்துக்குத் தட்டை ஸ்கேனர் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 11.8 புள்ளி வரும். கைப்பேசியில் எடுத்தால் ஓரங்கள் வளையும். அடி மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இலையில் வெளிக்கோடு அந்தப் பள்ளத்தை மூடிவிடும், அங்கே ஒரு மடலை வெட்டி விலக்கி வைத்துப் படமெடுங்கள்.

பெரும்பாலான இதய வடிவ இலைகளுக்கு 10 முதல் 15 ஒத்திசைகள் (கூட்டும் நீள்வட்டங்கள்) போதும், 99 விழுக்காடு வடிவம் எதில் எட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒத்திசைக்கு 4 எண் வீதம் 10க்கு 40 நிரல். நீள்வட்டத்தை வைத்தே இயல்பாக்கியிருந்தால் முதல் மூன்று எண்களும் எல்லா இலைக்கும் ஒன்றே. அவற்றை நீக்காமல் தரப்படுத்தினால் சுழியத்தால் வகுத்து முழு அட்டவணையும் வெற்று மதிப்பாகிவிடும். பலமணி நேரம் தேடவைக்கும் பிழை இது.

அறிகுறி: கோவர் தொலைவில் ஒரே ஒரு பண்பு எல்லாவற்றையும் முடிவு செய்கிறது

அளவும் குணமும் கலந்த தரவுக்குக் கோவர் தொலைவு சரியான தேர்வு. ஆனால் மயிர் உண்டு/இல்லை என்பதில் வேறுபட்டால் முழு 1 சேரும். இலை நீளத்தில் வேறுபட்டால் வீச்சால் வகுத்த பிறகு 0.1, 0.2தான் சேரும். ஆக, இரண்டு ஈருறுப்புப் பண்புகள் பத்து அளவுகளை அமுக்கிவிடும். எடையைக் குறையுங்கள், அல்லது மயிரை 0 முதல் 3 வரை தரவரிசைப் பண்பாக எழுதுங்கள். 0, 1 என்று எண்ணாக எழுதிய நிரல் எந்த வகை என்று கட்டளைக்குச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அதையும் அளவாகவே எடுத்துக்கொள்ளும். ஆண் கொடியின் காய் விட்டம் விடுபட்ட மதிப்பு அல்ல, இருக்கவே முடியாத மதிப்பு. அதை இனச் சராசரியால் நிரப்பிவிட்டால், விடையை நீங்களே தரவுக்குள் எழுதிவைத்தவர் ஆகிறீர்கள்.

அறிகுறி: எந்த இனத்திலும் சேராத செடிக்கு 0.99 நிகழ்தகவு

பிரித்தறி பகுப்பாய்வு தரும் பின்நிகழ்தகவுகள் கூட்டினால் எப்போதும் 1. பட்டியலில் நான்கு இனம் இருந்தால், ஐந்தாவதையும் நான்கில் ஒன்றில்தான் போடும். வெற்றிலையைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு காட்டு மிளகு என்று உறுதியாகச் சொல்லும். பக்கத்தில் இன்னொரு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்: அந்தச் செடிக்கும் குழு மையத்துக்கும் உள்ள மகாலனோபிஸ் தொலைவின் (மாறிகளின் சிதறலையும் தொடர்பையும் கணக்கில் கொண்ட தொலைவு) வர்க்கம். இந்த அளவை வகுத்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். 5 மாறி என்றால் கைவர்க்க (chi-square) எல்லை 95 விழுக்காட்டில் 11.07, 99 விழுக்காட்டில் 15.09. 3 மாறி என்றால் 7.81, 11.34. எல்லாக் குழுவுக்கும் இந்த எல்லையைத் தாண்டிய செடியை, நிகழ்தகவு என்னவாக இருந்தாலும், வகைப்படுத்தப்படாதது என்று எழுதுங்கள். குழுவில் செடிகள் குறைவாக இருந்தால் இந்த எல்லை சற்றுக் கறாராகவே விழும்.

இரண்டு குழுவுக்கு நடுவில் நிற்பதெல்லாம் கலப்பினம் என்று எழுதிவிடவும் கூடாது. ஏறுகொடியின் இலை ஒன்று காய்ப்புக் கிளை மாதிரியில் கலந்திருந்தாலும் அங்கேதான் விழும். முதல் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பறித்த கிளையின் பதிவைப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் திருத்தியாயிற்று, இரண்டு இனம் இன்னும் பிரியவில்லை

பைப்பர் கேலியேட்டமும் பைப்பர் டிரைக்கோஸ்டேக்கியானும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டிலும் பூவடிச் செதில்கள் ஒட்டிக் கிண்ணம்போல் காயைத் தாங்கும். முதலாவதன் பெயர் தலைக்கவசத்தையும், இரண்டாவதன் பெயர் மயிருள்ள கதிரையும் குறிக்கும். பெயரிலேயே வேறுபாடு இருக்கிறது: 10 மடங்கு கைலென்ஸில் கதிரின் அச்சைப் பார்த்தால் போதும். இலையை எத்தனை ஒத்திசையில் உடைத்தாலும் அந்த மயிர் அதில் இல்லை. பைப்பர் முல்லேசுவாவுக்கு லென்ஸ்கூட வேண்டாம், நிமிர்ந்து நிற்கும் உருண்டைக் கதிரே போதும்.

ஆகவே இலைப் பகுப்பாய்வு பிரிக்கவில்லை என்றால் அதை அப்படியே முடிவாக எழுதுங்கள்: இந்த இரண்டு இனமும் காய்ப்புக் கிளை இலையின் இன்னின்ன அளவுகளால் பிரியாது, செடிவாரிச் சரிபார்ப்பில் இத்தனை விழுக்காடு. பிறகு உலர்தாள்களை எடுத்து, கதிர் உள்ளவற்றை லென்ஸில் பார்த்துப் பெயரிடுங்கள். கதிர் இல்லாத தாள்களின் சீட்டில் பேரினப் பெயரை மட்டும் எழுதி, பறித்த தண்டின் வகை, தரையிலிருந்து உயரம், கணு எண், தாங்குமரம், அடுத்த கதிர்ப் பருவத்தில் அதே கொடியைக் கண்டுபிடிக்க இட அமைவு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.